எம்ஜிபி தானுந்தின் உடற்கூட்டுச் சீரமைப்பு

எம்ஜிபி தானுந்தின் உடற்கூட்டுச் சீரமைப்பு என்பது, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவாக்கப்பட்ட எம்ஜிபி என்னும் விளையாட்டுத் தானுந்தின் (ஸ்போர்ட்ஸ் கார்) துருப்பிடித்த தகடுகளையும் மங்கிய வண்ணப்பூச்சையும் அதன் உரிமையாளரே வீட்டுக் கொட்டகையில் புதுப்பிக்கும் பணியைக் குறிக்கும். பிரித்தானியாவில் இது நெடுங்காலமாக நிலவும் பொழுதுபோக்குகளுள் ஒன்று. எம்ஜிபியில் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது. ஆகவே இப்பணி அழகூட்டல் மட்டுமன்று. வண்டியில் செல்வோரின் உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையது.

பின்னணி

எம்ஜிபி, அதற்கு முந்தைய எம்ஜிஏ வகைக்கு மாற்றாக 1962 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. திறந்த கூரையுடைய முதல் வகையைத் தொடர்ந்து, நிலையான கூரையும் பின்கதவும் கொண்ட எம்ஜிபி ஜிடி 1965 இல் வெளிவந்தது. 1974 இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கக் குரோம் மோதுதாங்கிகள் (பம்பர்) நீக்கப்பட்டு, பெரிய கருநிறத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. 1980 இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டன. உதிரிப் பாகங்களும் உடல் தகடுகளும் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுவதால், வீட்டில் சீரமைப்பதற்கு ஏற்ற பழைய வண்டிகளுள் ஒன்றாக எம்ஜிபி கருதப்படுகின்றது.

உடற்கூட்டின் அமைப்பு

எம்ஜிஏ வகையில் எஃகுச் சட்டகத்தின் மீது உடல் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தது. எம்ஜிபியிலோ தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக அமைந்துள்ளன. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவ அடிவிளிம்புகளே (சில்) இக்கூட்டின் முதுகெலும்பு எனலாம். ஒவ்வோர் அடிவிளிம்பும் உட்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு, கோட்டை மதிலின் முகடு போன்று வெட்டுகளுடைய அடித்தகடு ஆகியவற்றால் ஆனது. வெளியில் தெரிவது வெளித்தகடு மட்டுமே. திறந்த வகையில் கூரை இல்லாததால், வண்டியின் முன்பகுதியையும் பின்பகுதியையும் வளையாமல் பிணைத்து வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு இவ்வடிவிளிம்புகளையே சாரும்.

துருப்பிடிக்கும் இடங்கள்

முன்சக்கரத்துக்குப் பின்னால் சேற்றைத் தடுப்பதற்கான மறைப்புத் தகடு ஒன்று உள்ளது. அதன் விளிம்பிலுள்ள இரப்பர் பட்டை தேய்ந்தவுடன் சேறும், குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பும் உள்ளே சென்று அடிவிளிம்பின் முன்முனையில் தேங்குகின்றன. நீர் வடியும் துளைகள் அடைபட்டால் ஈரம் வெளியேற வழியின்றித் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றது. இதனால் வெளிப்பூச்சில் முதற் கொப்புளம் தோன்றும்போது நடுத்தகடு பெரும்பாலும் ஏற்கெனவே சிதைந்திருக்கும்.

பின்சக்கர வளைவுகள், தரைத்தகட்டின் ஓரங்கள், கதவின் கீழ்விளிம்பு, பின்வில்கள் பொருத்தப்படும் இடங்கள் ஆகியவையும் துருவுக்கு ஆளாகின்றன. மின்கலங்கள் இருக்கைகளுக்குப் பின்னே தரைக்கு அடியில் எஃகுத் தாங்கிகளில் வைக்கப்பட்டுள்ளதால், கசியும் அமிலமும் சாலை நீரும் சேர்ந்து அத்தாங்கிகளை அரிக்கின்றன. கதவின் மேற்பகுதியில், முன்சிறு கண்ணாடியின் அருகே தகட்டில் விரிசல் காணப்படுவதும் இவ்வண்டியின் அறியப்பட்ட குறைகளுள் ஒன்றாகும்.

சோதித்தல்

பணியைத் தொடங்குமுன் வண்டியின் உண்மை நிலையை அறிதல் இன்றியமையாதது. துணி சுற்றிய காந்தம் ஒன்றைத் தகட்டின் மீது நகர்த்தினால், அது பற்றாத இடங்களில் தடித்த பட்டி (நிரப்புப் பசை) இருப்பது தெரியவரும். தொடக்க கால வண்டிகளில் இயந்திர மூடி அலுமினியத்தால் ஆனது என்பதால் அங்கு இச்சோதனை பொருந்தாது. அடிப்பகுதியைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்ப்பது மற்றொரு முறை. வண்டியை ஜாக்கியால் தூக்கும்போது கதவைச் சுற்றிய இடைவெளி குறைந்தாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ, அடிவிளிம்புகள் வலுவிழந்துள்ளன என்று கொள்ளலாம்.

தகட்டு வேலை

குரோம் பட்டைகள், விளக்குகள், இருக்கைகள், தரைவிரிப்புகள் ஆகியன முதலில் கழற்றப்படுகின்றன. முன்பக்க மட்காடுகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டவை என்பதால் அவற்றைக் கழற்றுவது எளிது. பின்பக்க மட்காடுகள் பற்றவைக்கப்பட்டவை.

அடிவிளிம்பை வெட்டி எடுப்பதற்கு முன் கதவுவாயின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்று தற்காலிகமாகப் பற்றவைக்கப்படுகின்றது. வண்டி பல இடங்களில் உறுதியான தாங்கிகளின் மீது சமமாக நிறுத்தப்படுகின்றது. இருபுறமும் ஒரே நேரத்தில் வெட்டப்படுவதில்லை. ஒரு புறம் முற்றிலும் முடிந்த பின்னரே மறுபுறம் தொடங்கப்படும். இவ்வொழுங்கைப் பின்பற்றாவிடில் கூடு நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதிய தகட்டைப் பற்றவைத்தால் அக்கோணல் நிலைத்துவிடும். அதன் பின்னர் கதவுகள் ஒழுங்காக மூடா. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் கதவைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்ப்பது வழக்கம்.

வெளித்தகட்டை மட்டும் மாற்றுவதும், பழைய தகட்டின் மீதே புதியதைப் போர்த்துவதும் பரவலாகக் காணப்படும் பிழைகளாகும். உள்ளே எஞ்சிய துரு தொடர்ந்து பரவுவதால் சில ஆண்டுகளில் முழு வேலையும் வீணாகும். அதைவிடத் தீயது, பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் அடிவிளிம்பு மோதலின்போது சிறிதும் தாங்காமல் மடங்கும் அபாயமாகும்.

பட்டியும் வண்ணப்பூச்சும்

பட்டி பார்த்தல் என்பது தகட்டின் சிறு பள்ளங்களைச் சமன் செய்வதற்கான முறையாகும்; ஓட்டைகளை அடைப்பதற்கானதன்று. தகட்டை முதலில் இயன்றவரை தட்டி நேராக்கிய பின் மெல்லிய படலமாகவே அது இடப்படுகின்றது. இறுகிய பட்டி 80 எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய தாள்களால் தேய்க்கப்படுகின்றது. பட்டி நீரை உறிஞ்சக்கூடியது என்பதால் இந்நிலையில் நீரிட்டுத் தேய்ப்பதில்லை.

அடுத்து அடிப்பூச்சு (பிரைமர்) தெளிக்கப்படுகின்றது. அதன் மீது மாறுபட்ட நிறத்தில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைத் தூவி, நீண்ட கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்தால், பள்ளமான இடங்களில் மட்டும் அந்நிறம் எஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தப்பும் குறைகளை இவ்வாறு கண்டறியலாம்.

வீட்டில் பணி செய்வோர் பலர் செல்லுலோசுப் பூச்சை விரும்புகின்றனர். இது தின்னர் ஆவியாவதால் விரைவில் உலர்கின்றது. குறைகளைத் தேய்த்து மெருகேற்றித் திருத்தவும் இடமளிக்கின்றது. ஈரப்பதம் மிக்க நாட்களில் தெளித்தால் மேற்பரப்பில் வெண்மை படரும். இருகூட்டுப் பூச்சு இதைவிட உறுதியானது எனினும், அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட்டு உள்ளது. இது மூச்சிழுப்பு நோயை (ஆஸ்துமா) உண்டாக்கவல்லது. சாதாரண முகமூடி இதற்குப் போதாது. வெளியிலிருந்து தூய காற்றை வழங்கும் முகமூடியும் தனித் தெளிப்பறையும் தேவை. ஆதலால் இப்பூச்சு வீட்டுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதில்லை.

பூச்சு முடிந்ததும் அடிவிளிம்புகளின் உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகு செலுத்தப்படுகின்றது. நீர் வடியும் துளைகள் மெழுகால் அடைபடாமல் திறந்து வைக்கப்படுகின்றன.

பணியின்போது பாதுகாப்பு

பற்றவைப்புக்கு முன் மின்கல இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். எம்ஜிபியின் பெட்ரோல் தொட்டி பின்பெட்டியின் தரைக்குக் கீழே உள்ளதால், அதன் அருகே தீப்பொறி எழும் பணி எதுவாயினும் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்திய பின்னரே செய்யத்தக்கது. வெறுமையான தொட்டியிலும் எஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது ஆபத்தானது. நாகப்பூச்சுள்ள தகடுகளைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும் என்பதால் காற்றோட்டம் அவசியம்.

புதிய உடற்கூடு

சீரமைக்க இயலாத அளவுக்குச் சிதைந்த வண்டிகளுக்கு வேறு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் எரிட்டேசு நிறுவனம் 1988 ஆம் ஆண்டு முதல், பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, எம்ஜிபியின் முழு உடற்கூட்டை மீண்டும் உருவாக்கத் தொடங்கியது. இம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1992 இல் எம்ஜி ஆர்வி8 என்னும் புதிய தானுந்து அறிமுகமானது.

சட்ட நிலை

பெரிய பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்தவையும் பெரும் மாற்றங்கள் செய்யப்படாதவையுமான தானுந்துகளுக்கு, எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. உற்பத்தி 1980 இல் முடிவுற்றமையால் எம்ஜிபிகள் அனைத்தும் இன்று அவ்வயது வரம்பைக் கடந்துள்ளன. எனினும் வண்டியைச் சாலையில் ஓட்டத்தக்க நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. விலக்குப் பெற்ற வண்டியையும் விரும்பினால் சோதனைக்கு உட்படுத்தலாம். முன்னர் ஆண்டுதோறும் ஓர் ஆய்வாளர் தட்டிப் பார்த்த அடிவிளிம்புகளை, விலக்குப் பெற்ற வண்டிகளில் இப்போது பார்க்க வேண்டியவர் உரிமையாளரே. புதிய வண்ணத்தின் அடியில் இருப்பது எஃகா, பட்டியா என்பதை வெளியிலிருந்து காண்போர் அறிய இயலாது.