மிக்-21 விமானமும் ஒரு விடுபட்ட படியும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகர் விமானத் தளத்தில் மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுக்கும் விழா நடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகட்கு முன், 1963இல், எந்த ஊரில் அது முதன்முதலாக நம் விமானப்படையிற் சேர்ந்ததோ அதே ஊரில் அதன் கடைசிப் பறப்பும் நிகழ்ந்தது. மறுநாட் பத்திரிகைகளைப் புரட்டியோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். ஒரு பக்கம் அதனை வானத்துக் காவலன் என்று போற்றியது. அடுத்த பக்கம் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்னும் பழைய பெயரை நினைவூட்டியது. ஒரே பொறிக்கு இவ்விரு பெயரும் எவ்வாறு வாய்த்தன?

ஆண்டுவிழா மலரில் மரணத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சில அன்பர்கள் கருதக்கூடும். நம் காலனிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் விமானப்படைத் தேர்வு எழுதுகிறார்கள். சென்ற ஆண்டு மாலை நேரத்தில் ஒரு தாய் என்னிடம், “அந்த விமானங்கள் ஏன் ஐயா அப்படி விழுந்தன?” என்று கேட்டார். அன்று நான் சொன்ன மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

1962இல் சோவியத் நாட்டுடன் ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாக இவ்விமானம் இந்தியாவுக்கு வந்தது. அதை இங்கேயே செய்வதெனத் தீர்மானித்து, உடலை நாசிக்கிலும், எஞ்சினைக் கோராபுட்டிலும், மின்னணுக் கருவிகளை ஐதராபாத்திலும் செய்யத் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலையின் பொருட்டு அவ்வூர்களிற் சென்று குடியேறிய நம்மவர் குடும்பங்களும் உண்டு. 1971 டிசம்பர் 14ஆம் நாள் டாக்காவில் கவர்னர் மாளிகையின் மீது மிக்-21 விமானங்கள் நடத்திய தாக்குதலை அப்போரின் வரலாற்றை எழுதுவோர் எவரும் விடுவதில்லை. காவலன் என்னும் பெயர் வீணாக வந்ததன்று.

மற்றப் பெயருக்கும் கணக்கு உண்டு. 2012இல் பாதுகாப்பு மந்திரி ஏ. கே. அந்தோணி ராஜ்ய சபையில் அளித்த விடையின்படி, வாங்கப்பட்ட 872 மிக் வகை விமானங்களுள் 482 விபத்துக்குள்ளாயின. விமானிகள் 171 பேரும், பொதுமக்கள் 39 பேரும், பிற படைப்பிரிவினர் 8 பேரும் உயிரிழந்தனர். இவற்றுள் மிகப் பெரும்பகுதி மிக்-21 என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பொறியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஒலியினும் இருமடங்கு வேகத்தில் மேலெழுந்து, பகைவனின் குண்டுவீச்சு விமானத்தை எதிர்ப்பதற்கென்றே இது வகுக்கப்பட்டது. அவ்வேகத்துக்காக இறக்கைகளை முக்கோண வடிவில் மெல்லியனவாகவும் சிறியனவாகவும் அமைத்தனர். சிறிய இறக்கை குறைந்த வேகத்தில் பாரத்தைத் தாங்காது. ஆகவே தரையிறங்கும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தாக வேண்டும். எஞ்சினோ ஒன்றே, அது நின்றால் வேறு துணையில்லை. பருந்துபோல் மிதந்து வந்து மெல்ல இறங்கும் பண்பும் இதற்கு இல்லை. கைதேர்ந்த விமானி இதனை உயிராக நேசித்தான். புதிதாக ஏறியவனுக்கு இது மன்னிக்கத் தெரியாத ஆசிரியராக இருந்தது.

மனித உடலின் குறையையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நமக்கு மேல் எது, கீழ் எது என்று உணர்த்துவது கண்ணும், செவியினுள் அமைந்த நுண்ணிய கால்வாய்களும் ஆகும். நிலவில்லாத இரவிலோ மேகத்தின் நடுவிலோ அடிவானம் மறைந்துவிட்டால் கண் உதவாது. விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தாலும், சற்று நேரத்தில் செவியின் உணர்வு அதனை நேராகப் பறப்பதாகவே கூறும். திருப்பத்தினின்று மீண்டாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கூறும். இதனைத் திசைமயக்கம் என்பர். இதற்கு ஒரே மருந்து, உடல் கூறுவதைப் புறக்கணித்து எதிரேயுள்ள கருவிகள் கூறுவதை நம்புதல். பிறவியில் வந்த புலனைப் பொய்யென்று தள்ளும் இந்தத் துணிவு பழக்கத்தால் மட்டுமே வரும். பழகுவதற்கு நேரம் வேண்டும். பழகத்தக்க விமானமும் வேண்டும்.

தொடக்க நாளில் மிக்-21 ஏறியவர்கள் வாம்பயர், ஹண்டர் முதலிய ஜெட் விமானங்களில் முன்னரே ஊறியவர்கள். அந்தத் தலைமுறை கடந்த பின், பயிற்சிப் பள்ளியினின்று வரும் இளைஞன் கிரண் என்னும் சாதுவான பயிற்சி விமானத்தில் கற்றுக்கொண்டு, போலந்து நாட்டு இஸ்க்ரா விமானத்திற் சிறிது பழகி, பின் மிக்-21இல் ஏறும் நிலை வந்தது. 1986இல் தேஜ்பூரில் மிக்-21ஐயே பயிற்சி விமானமாகக் கொண்டு ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அதன் இருவர் அமரும் வகையில் பின்னாலிருக்கும் ஆசிரியருக்கு முன்னே உள்ள ஓடுபாதை சரியாகத் தெரியாது. ஆடி பொருத்திய குழாய் வழியாகவே பார்க்க வேண்டும். கிரணுக்கும் மிக்-21க்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒரு படி ஏணியில் இல்லை. கால் எட்டியவன் ஏறினான், எட்டாதவன் வீழ்ந்தான். வீழ்ந்தவனைப் பற்றிய விசாரணைத் தாளில் ‘விமானியின் பிழை’ என்று எழுதப்பட்டது. அது பொய்யன்று. ஆனால் அச்சொல் விசாரணையை எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே முடித்துவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த துன்பமன்று. மேற்கு ஜெர்மனி 1960 முதல் அமெரிக்க ஸ்டார்பைட்டர் விமானங்களை வாங்கிப் பறந்தது. மொத்தம் 916 விமானங்களுள் 292 வீழ்ந்தன. 116 விமானிகள் மாண்டனர். ‘விதவையாக்கி’ என்று அந்நாட்டார் அதற்குப் பெயரிட்டனர். அரிசோனாவின் தெளிந்த வானத்திற் பழகியவர்கள் ஐரோப்பாவின் மேகமூட்டத்திற் பறக்க நேர்ந்தது. பராமரிப்போருக்கும் பயிற்சி போதவில்லை. 1966இல் யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் என்பவர் விமானப்படைத் தலைமைக்கு வந்தார். 1945இல் தாமே ஒரு ஜெட் விமானம் ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி முகம் முழுதும் வெந்தவர் அவர். பயிற்சியையும் பராமரிப்பையும் திருத்தினார். ஆபத்தில் விமானியை வெளியே எறிந்து காக்கும் இருக்கையை மாற்றுவித்தார். அதே விமானங்களைக் கொண்டே விபத்துகள் குறைந்தன.

நம் விபத்துகள் அனைத்தையும் பயிற்சியின் தலையிலேயே கட்டுவதும் முறையன்று. விமானியின் பிழையை ஒத்த அளவுக்கு எஞ்சின் முதலிய பொறிக்கோளாறுகளும் விபத்துக் கணக்கில் இடம்பெற்றன. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறிய பின் உதிரி உறுப்புகளைப் பெறுவது பெரும் பாடாயிற்று. பறவைகளோ என்றும் உள்ள பகை. தளத்தின் அருகே குப்பையும் இறைச்சிக் கழிவும் குவிந்தால் கழுகும் பருந்தும் கூடும். ஒரே எஞ்சினுடைய விமானத்துக்கு ஒரு பருந்து போதும். தளங்களை அடுத்து வாழும் காலனிக்காரர்களாகிய நாம் மதிலுக்கு வெளியே எறியும் பொட்டலத்தைப் பற்றியும் இங்கே சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் விடுபட்ட படியின் கதைதான் என் மனத்தை அகலவில்லை. 1982இல் ஏர் மார்ஷல் லா ஃபான்டெய்ன் தலைமையில் ஒரு குழு விபத்துகளை ஆராய்ந்தது. இடைநிலைக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டுமென்று அது தெளிவாகக் கூறியது. அத்தகைய விமானம் இனிமேற் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. பிரிட்டிஷ் ஹாக் விமானம் 1974இலேயே பறந்து, 1976 முதல் அந்நாட்டுப் படையிற் பயிற்சியளித்துக் கொண்டிருந்தது. குழுவின் தலைவரே 1985இல் விமானப்படைத் தளபதியானார். அப்பொழுதும் விமானம் வரவில்லை. மதிப்பீடு, ஒப்பீடு, விலைப்பேச்சு, மறுபடி மதிப்பீடு என்று கோப்புகள் பறந்தன.

1997இல் மற்றொரு குழு அமைந்தது. அதன் தலைவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். இராமேசுவரத்து இளைஞராக இருந்தபோது விமானியாக வேண்டுமென்று டேராடூனுக்குச் சென்று தேர்வுக்கு நின்றவர் அவர். இருபத்தைந்து பேரில் ஒன்பதாமவராக வந்தார். எடுத்துக்கொள்ளப்பட்டவரோ எட்டுப் பேர். ஓரிடத்தில் அந்த வாழ்வைத் தவறவிட்டவரிடமே, அவ்வாழ்வைப் பெற்ற இளைஞர்கள் ஏன் மடிகிறார்கள் என்று ஆராயும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவர் குழுவும் உயர்நிலைப் பயிற்சி விமானத்தின் தேவையை வற்புறுத்திற்று. முதற்குழு கூறிப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

2001 செப்டம்பரில் ராஜஸ்தானத்துச் சூரத்கர் தளத்திலிருந்து இரவில் எழுந்த ஒரு மிக்-21 வீழ்ந்து இளம் விமானி ஒருவர் இறந்தார். பிழை தம் மகனுடையது என்று கூறி முடிப்பதை அவருடைய தாயார் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 2002 மே மாதம் ஜலந்தரில் ஒரு மிக்-21 வங்கிக் கட்டடத்தின் மீது வீழ்ந்து எட்டுப் பேரைக் கொன்றது. 2006இல் வெளிவந்த ‘ரங் தே பசந்தி’ என்னும் இந்திப் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பர். அதில் விமானம் வீழ்வதற்கு மந்திரியின் ஊழலே காரணமாகக் காட்டப்படுகிறது. கதைக்கு ஒரு கொடியவன் தேவை. நான் கண்ட வரையில், பயிற்சி விமானத்தின் வரலாற்றில் அத்தகைய ஒருவனைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் முடிக்கவுமில்லை. தாமதம் என்பது முகமில்லாத குற்றவாளி; அதனாலேயே அதனைப் படம் பிடிக்க இயலவில்லை போலும்.

ஈற்றில் 2004 மார்ச்சில் 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 24 பிரிட்டனிலிருந்து வரவும், 42 பெங்களூரிற் செய்யப்படவும் ஏற்பாடு. 2006 ஜூன் 8ஆம் நாள், அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த கலாம் புனே தளத்தில் சுகோய்-30 விமானத்தில் ஏறிப் பறந்தார். டேராடூனில் தவறிய வானம் எழுபத்து நான்காம் வயதிற் கிட்டியது. ஹாக் விமானங்கள் அன்றும் வந்து சேரவில்லை. 2008 பிப்ரவரியில் பீதர் தளத்தில் அவை முறைப்படி படையிற் சேர்ந்தன. 1982ஐயும் 2008ஐயும் அடுத்தடுத்து எழுதிக் கழித்துப் பார்த்தால் இருபத்தாறு வருகிறது. 1982இற் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, விமானியாகி, மிக்-21 ஓட்டும் வயதுக்கு வந்துவிட்ட காலம் அது.

மேற்படி கிடைத்த மறு ஆண்டே கீழ்ப்படி முறிந்தது. 2009 ஜூலையில் ஒரு விபத்தில் ஆசிரியர் இருவர் இறந்ததன் பின், தொடக்கப் பயிற்சிக்கான எச்.பி.டி-32 விமானங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2013இல் சுவிட்சர்லாந்தின் பிளேட்டஸ் விமானங்கள் ஐதராபாத்தை அடுத்த துண்டிகல்லுக்கு வரும்வரை, முதன்முதலாக வானில் ஏறிய மாணவர்கள், இரண்டாம் படிக்கென்று செய்யப்பட்ட கிரண் விமானத்திலேயே அரிச்சுவடியும் கற்றார்கள்.