கேள்வி வளர்த்த குடிமக்கள்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இரு பொருள் தருவது. பிறர் சொல்லக் கேட்டறிவதும் கேள்வி. ஐயம் எழுந்தபோது வினவுவதும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்தது முதற்பொருள் பற்றியது. இரண்டாம் பொருளே இன்று பெருவழக்காய் நிற்பது.

பொதுமக்களுக்கென நடத்தப்பெறும் சொற்பொழிவுகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படும். மேடையில் ஒருவர் பேச, நூறு பேர் கேட்டுக் கலைந்து செல்வது ஒருவகை. கேட்டவருள் ஒருவர் எழுந்து வினவ, பேசியவர் தம் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்வது மற்றொரு வகை. முன்னதனால் அறிவு பரவும். பின்னதனாலேயே குடிமகன் உருவாகின்றான். நாட்டின் பாதுகாப்பு, மக்களாட்சி, சமுதாய ஏற்றத்தாழ்வு ஆகியவை பற்றி உழைக்கும் மக்களிடம் பேச முற்பட்ட இங்கிலாந்தின் எண்பது ஆண்டு அனுபவம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

எழுத்தில் வந்த வினா

1867-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நகரங்களில் வாழ்ந்த ஆண் தொழிலாளர் பலர்க்கு முதன்முறையாக வாக்குரிமை கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கப்பள்ளி அமைக்க வழிசெய்த சட்டமோ 1870-இல்தான் வந்தது. வாக்கு முன்னும் பள்ளி பின்னுமாக வந்த அக்காலத்தில், வளர்ந்தவர்களுக்குக் கல்வி புகட்டுவது எவ்வாறு என்னும் கவலை அறிஞரிடையே தோன்றியது.

அதே 1867-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் 24 வயது இளைஞர், லீட்ஸ், ஷெபீல்ட், மான்செஸ்டர், லிவர்பூல் ஆகிய நான்கு நகரங்களில் பெண்களுக்கு வானநூல் வரலாறு பற்றிச் சொற்பொழிவாற்றினார். பெண்களுக்குப் பல்கலைக் கழகத்தின் கதவு அடைத்திருந்த காலம் அது. இளைஞரான ஆசிரியரும் இளம்பெண்களும் நேருக்கு நேர் வினாவிடை நிகழ்த்துவது முறையன்று எனப் பெரியோர் கருதினர். ஆகவே ஸ்டூவர்ட் வினாக்களை அச்சிட்டு வழங்கினார். பெண்கள் வீட்டிலிருந்து விடை எழுதியனுப்பினர். வாய் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடே, சொற்பொழிவுக்குப் பின் எழுதுதல் என்னும் நல்ல வழக்கத்தைத் தோற்றுவித்தது.

அடுத்த படி ராச்டேல் என்னும் பஞ்சாலை நகரில் நிகழ்ந்தது. 1844-இல் 28 தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அச்சங்கத்தாரின் மன்றத்தில் பேசிய ஸ்டூவர்ட், அடுத்த வாரம் வரையில் தம் விளக்கப் படங்களைச் சுவரிலேயே விட்டுச் சென்றார். மீண்டும் வந்தபோது, உறுப்பினர்கள் வாரம் முழுவதும் அப்படங்களின்முன் நின்று வாதிட்டனர் என்றும், கேட்பதற்குப் பல செய்திகள் வைத்துள்ளனர் என்றும் மன்றக் காவலர் தெரிவித்தார். அன்றுமுதல் சொற்பொழிவோடு வினா நேரமும் ஒரு பகுதியாயிற்று.

1873-இல் கேம்பிரிட்ஜ் இம்முறையை ஏற்று, நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் நகரங்களில் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு 1878-இல் பின்தொடர்ந்தது. ஆனால் செலவை அந்தந்த ஊராரே ஏற்க வேண்டியிருந்தமையால் கட்டணம் உயர்ந்தது. கட்டணம் உயரவே தொழிலாளர் அருகி, வசதி படைத்தோர் பெருகினர். நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் பேரார்வத்தோடு வந்தனர். பொழிவு கேட்க இருளில் பல மைல் நடந்தவர்களும் உண்டு. 1887-இல் அங்கு நீண்ட வேலை நிறுத்தம் மூண்டது. கூலி நின்றது, சொற்பொழிவும் நின்றது. ஏற்றத்தாழ்வைப் பற்றிய பாடத்தை ஏற்றத்தாழ்வே நிறுத்திவிட்டது.

இரண்டரை ஷில்லிங் மூலதனம்

இக்குறையை உணர்ந்தவர், 14 வயதில் பள்ளியை விட்டுக் கூட்டுறவு இயக்கத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். 1903-இல் அவரும் அவர் மனைவி பிரான்சிசும் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து இரண்டரை ஷில்லிங் எடுத்து வைத்து ஒரு சங்கத்தை நிறுவினர். அதுவே 1905-இல் தொழிலாளர் கல்விச் சங்கம் எனப் பெயர் பெற்றது. என்ன படிப்பது என்பதைப் பேசுபவர் முடிவு செய்யலாகாது, கேட்பவரே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை.

1907-இல் ஆக்ஸ்போர்டில் ஒரு மாநாடு கூடியது. பல்கலைக் கழகத்தார் 7 பேரும் தொழிலாளர் பிரதிநிதிகள் 7 பேருமாக 14 பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. எண்ணிக்கையில் சமமாக அமைந்த அக்குழுவே அக்கால இங்கிலாந்துக்குப் புதுமையாகும். குழுவின் அறிக்கை 1908-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே ராச்டேல் தொழிலாளர்கள் நல்ல ஆசிரியர் வேண்டுமெனக் கேட்டிருந்தனர். முப்பது பேர் தவறாது வருவதாகவும், முறையாகக் கட்டுரை எழுதுவதாகவும் உறுதி கூறினால் ஆசிரியர் வருவார் என்றார் மான்ஸ்பிரிட்ஜ். அவர்கள் உறுதி கூறினர்.

ஆசிரியரைத் திருத்திய மாணவர்

அவ்வாறு வந்த ஆசிரியர் ஆர். எச். டானி. அவர் 1880-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கல்கத்தா இராசதானிக் கல்லூரியின் தலைவராயிருந்த வடமொழி அறிஞர். கதாசரித்சாகரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கொங்குவேளிரின் பெருங்கதையைப் போலவே பிருகத்கதை மரபில் வந்த நூல் அது.

1908 ஜனவரியில் டானி இரண்டு வகுப்புகளைத் தொடங்கினார். வெள்ளி மாலை லாங்டன் நகரின் மட்பாண்டத் தொழிலாளர்க்கு ஒன்று. சனி பிற்பகல் ராச்டேல் நெசவாளர்க்கு மற்றொன்று. பாடம் இங்கிலாந்தின் பொருளாதார வரலாறு. ஒரு மணி நேரம் பேச்சு; மற்றொரு மணி நேரம் வாதம். இம்முறை பிற்பாடு வரையறை பெற்று, ஆண்டுக்கு 24 கூட்டங்கள், மூன்று ஆண்டுப் படிப்பு, வகுப்புக்கு ஏறத்தாழ 30 பேர் என நிலைத்தது. லாங்டனில் இரண்டாம் மணி முடிந்த பின்னும் மாணவர் ஒருவர் வீட்டில் தேநீர் அருந்தியவாறு பேச்சு தொடர்வதுண்டு.

அவ்வகுப்பில் எழுந்த வினாக்கள் ஏட்டிலிருந்து எழுந்தவையல்ல. பொது நிலத்தை வேலியிட்டு வளைத்தவர் எவர், நிலம் இழந்தோர் எங்கே சென்றனர், கூலியை உறுதி செய்தது சட்டமா வலிமையா என்பன போன்றவற்றைக் கேட்டவர்கள், தம் பாட்டன்மாரின் வாழ்வையும் தம் கூலியையும் மனத்திற் கொண்டே கேட்டனர். 1912-இல் டானி வெளியிட்ட, பதினாறாம் நூற்றாண்டின் நிலவுடைமைச் சிக்கல் பற்றிய பெருநூல் இவ்வகுப்புகளின் விளைவாகும். அதன் முன்னுரையில் அவர் தம் மாணவராகிய நெசவாளர், குயவர், சுரங்கத் தொழிலாளர், பொறித் தொழிலாளர் ஆகியோர்க்கு நன்றி கூறினார். உடன்பிறந்தார் போல் நின்று, ஆனால் தாட்சணியமின்றி அவர்கள் தம்மைத் திருத்தினர் என்பது அந்நன்றியின் சாரம்.

மாணவரும் கேட்டதோடு நிற்கவில்லை. லாங்டன் வகுப்பில் பயின்றோர் 1911 முதல் சுற்றியிருந்த சுரங்கக் கிராமங்களுக்குத் தாமே சென்று பாடம் நடத்தினர். 1914-இல் போர் மூண்டபோது நாட்டில் இத்தகைய வகுப்புகள் நூற்றுக்கு மேல் இருந்தன. டானி படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, அதிகாரிப் பதவியை மறுத்து, 1916 ஜூலை முதல் நாள் சோம் போர்க்களத்தில் கடுங்காயமுற்றார். 1929-இல் அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளே 1931-இல் ‘சமத்துவம்’ என்னும் நூலாயின. வாக்குச் சீட்டில் சமமானவர்கள் உடல்நலத்திலும் கல்வியிலும் வேலையிடத்து அதிகாரத்திலும் சமமாகாதவரையில் மக்களாட்சி பாதி கட்டிய வீடே என்பது அந்நூலின் வாதம்.

எதிர்த்து நின்றோர்

இம்முயற்சியைத் தொழிலாளர் அனைவரும் வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. அரசாங்க மானியமும் பல்கலைக் கழக ஆசிரியரும் சேர்ந்தால் முதலாளியின் பொருளாதாரமே பாடமாகும் என ஒரு சாரார் வாதிட்டனர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கென 1899-இல் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில் 1909-இல் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தனர். அவர்களுட் பலர் பிரிந்து தனியே ஒரு தொழிலாளர் கல்லூரியைக் கண்டனர். நடுநிலை என்பது உள்ளவனுக்குச் சாதகமான நிலையே என்பது அவர்கள் கட்சி. டானியின் தரப்பாரோ, முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்கும் வகுப்பு பிரசாரமாகும், கல்வியாகாது என்றனர்.

இரு சாராரிடமும் உண்மை இருந்தது. மிகை நேர வேலையாலும் வேலையின்மையாலும் வகுப்பை விட்டவர்கள் பலர். அன்றாடக் கூலியால் வாழ்ந்த மிக வறியவர்கள் பெரும்பாலும் வகுப்புக்கே வரவில்லை. எனினும் எதிர்த்தவர்கள் இருந்தமையாலேயே, இந்தப் பாடத்துக்குப் பணம் கொடுப்பவர் யார், பலன் எவர்க்கு என்னும் வினாவும் உயிரோடிருந்தது.

பாசறையில் ஒரு வகுப்பு

இரண்டாம் உலகப் போரின்போது இக்கல்வி படைக்குள் நுழைந்தது. 1940-இல் பிரான்சிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி, உள்நாட்டுப் பாசறைகளில் சோர்ந்து கிடந்தது. எதற்காகப் போரிடுகிறோம் என்பதை அறியாத வீரன் நன்கு போரிடான் என்று கருதிய இராணுவத் தலைமை, 1941-இல் நடப்புச் செய்தி விளக்கத்துக்கென ஒரு தனிப் பிரிவை நிறுவியது. அதன் இயக்குநர் டபிள்யூ. ஈ. வில்லியம்ஸ், வளர்ந்தோர் கல்வியில் தேர்ந்தவர். 1937-இல் தொடங்கிய பெலிக்கன் மலிவுப் பதிப்புகளில், சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்த வி. கே. கிருஷ்ண மேனனோடு சேர்ந்து உழைத்தவர்.

வாரந்தோறும் பணி நேரத்திலேயே இளம் அதிகாரி ஒருவர் தம் வீரர்களைக் கூட்டி, அனுப்பப்பெற்ற சிற்றேட்டைத் துணைக்கொண்டு பேச வேண்டும். பின்னர் வீரர்கள் வாதிக்க வேண்டும். ஆணைக்குக் கீழ்ப்படிவதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் வினவுவதற்கு ஆணையிட்ட விந்தை இது.

1942 டிசம்பர்த் தொடக்கத்தில் வில்லியம் பெவரிட்ஜின் சமுதாயக் காப்புறுதி அறிக்கை வெளிவந்தது. பெவரிட்ஜ் வங்காளத்தில் 1879-இல் பிறந்தவர். அவருடைய தாயார் பாபரின் தன்வரலாற்றைத் துருக்கி மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். டானி அவருடைய தங்கையின் கணவர். இளமையில் இருவரும் கிழக்கு லண்டன் ஏழையரிடையே அமைந்த டாயின்பி மன்றத்தில் தங்கித் தொண்டாற்றியவர்கள். வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை என்னும் ஐந்து அரக்கரை ஒழிக்க வேண்டும் என்றது அறிக்கை. அரசாங்க வெளியீடாயினும் ஆறு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

அறிக்கையின் சுருக்கம் படைவீரர்க்கான சிற்றேடாக அதே மாதம் அச்சேறியது. வெளிவந்த இரண்டே நாளில் யுத்த இலாகா அதனைத் திரும்பப் பெற்றது. நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாம். வீட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் அது அரசியல் என்பது அதன் பொருள். பாராளுமன்றத்தில் இது பற்றிக் கண்டனம் எழுந்தது. கெய்ரோ நகரில் வீரர்கள் தமக்குள் ஒரு மாதிரிப் பாராளுமன்றம் நடத்தி, வங்கிகளை அரசுடைமையாக்குவது முதலியவற்றை விவாதித்தபோது, 1944-இல் அதிகாரிகள் அதனையும் நிறுத்தினர். பேச்சைவிட வாதமே அதிகாரத்தை அஞ்ச வைத்தது என்பது நோக்கத்தக்கது.

1945 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்தது. பாசறை வகுப்புகளே இதற்குக் காரணம் எனத் தோற்றவர் சிலர் குறை கூறினர். படைவீரர் வாக்கு மொத்த வாக்குகளில் சிறு பகுதியே ஆதலின் அக்கூற்றுப் பொருந்தாது. முப்பதுகளின் வேலையின்மையைக் கண்ணாற் கண்டவர்க்குச் சிற்றேடு தேவைப்படவில்லை. வகுப்பு செய்தது வேறு: தனித்தனியே பட்ட துன்பத்தைப் பொதுவில் வைத்துப் பேசத் தக்க பொருளாக அது ஆக்கியது.

எஞ்சி நின்றவை

1948 ஜூலை 5-ஆம் நாள் பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. அதனை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியாயிருந்து, ரஸ்கினிலிருந்து பிரிந்தோர் கண்ட அத்தொழிலாளர் கல்லூரியில் பயின்றவர். டாயின்பி மன்றத்தில் தொண்டாற்றியவர் வரைந்த திட்டத்தை எதிரணிக் கல்லூரியின் மாணவர் செயலாக்கினார். நெடுங்கால வழக்கில் இரு கட்சியும் வென்றதாகக் கொள்ளலாம்.

லாங்டன் வகுப்பு கிளைத்த வடக்கு ஸ்டாபோர்ட்ஷயர் வட்டாரத்தில் 1949-இல் ஒரு பல்கலைக் கழகக் கல்லூரி எழுந்தது. அதன் முதல் தலைவர் ஏ. டி. லிண்ட்சே, தொழிலாளர் வகுப்புகளோடு நெடுங்காலத் தொடர்புடையவர். 1962-இல் அது கீல் பல்கலைக் கழகம் ஆயிற்று.

இவ்வரலாற்றில் நிலைத்தவை பெரும்பாலும் எளிய ஏற்பாடுகளே. பாடத்தைக் கேட்பவர் தேர்ந்தனர். பேச்சுக்கு ஈடான நேரம் வாதத்துக்குக் கிடைத்தது. கேட்டவர் எழுதவும் வேண்டியிருந்தது. திருத்தப்படுவதற்கு ஆசிரியர் நாணவில்லை. இவற்றுள் ஒன்று குறைந்தபோதெல்லாம் வகுப்பு கூட்டமாகி, கூட்டம் கலைந்தது. பொதுமக்களுக்கெனச் சொற்பொழிவு ஏற்பாடு செய்வோர் பேச்சாளரைத் தேடுவதில் காட்டும் அக்கறையிற் பாதியையேனும் இரண்டாம் மணி நேரத்துக்குக் காட்டுவாராயின், கேள்வி என்னும் சொல்லின் இரு பொருளும் ஒருங்கே நிறைவேறும்.