அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் கறுப்பின மகளிர் பயிற்சியாளரும்

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடுகின்றனர். விளையாட்டுத் திடலை எட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு கல்லூரி யாரை உள்ளே அனுமதித்தது, யாரை வாயிலில் நிறுத்தியது, யார் கையில் பொறுப்பை ஒப்படைத்தது என்பவற்றை விளையாட்டுப் பதிவேடுகள் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். அமெரிக்க நாட்டு மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சிலரின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க நாம் விழைந்தது இதனாலேயே.

கல்லூரிகளில் பால் வேற்றுமை காட்டலாகாது என்னும் சட்டம் அந்நாட்டில் 1972இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பு மகளிர் விளையாட்டுக்குப் பணமும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் 1974இல் தம் 22ஆம் வயதில் பொறுப்பேற்ற பாட் சம்மிட் அம்மையார், மாதம் 250 டாலர் ஊதியம் பெற்றுக்கொண்டு, ஆட்டக்காரரின் சீருடைகளைத் தாமே துவைத்து, வண்டியையும் தாமே ஓட்டிச் சென்றார். பின்னாளில் 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்ற பெருமாட்டி அவர். ஊதியமற்ற காலத்தில் மகளிர் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளராயிருந்தனர். சட்டம் வந்து, பணமும் வரத் தொடங்கியதும் ஆண்கள் அப்பதவிகளை நாடி வந்தனர். கறுப்பினப் பெண்ணுக்கோ பால் என்றும் நிறம் என்றும் இரண்டு கதவுகள் அடைத்துக் கிடந்தன.

அவ்விரு கதவுகளையும் தட்டியவருள் விவியன் ஸ்டிரிங்கர் அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அவர் 1948இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈடன்பார்ன் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. நோயினால் இரு கால்களையும் இழந்தும் சுரங்க வேலையை விடாதவர். விவியன் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கென விளையாட்டு அணி இல்லை. ஆகவே ஆட்டக்காரரை உற்சாகப்படுத்தும் மாணவியர் குழுவில் சேர முயன்றார். தேர்வில் சிறப்பாகச் செய்தும் பெயர் பட்டியலில் இல்லை. வழக்காட அவருக்கு விருப்பமில்லை. தந்தையார் எடுத்துக் கூறிய பின்னரே இசைந்தார். கறுப்பினத்தார் உரிமைச் சங்கத்தின் துணையோடு பள்ளிக் குழுவிடம் முறையிட்டபின் இடம் கிடைத்தது. சாதியும் நிறமும் ஒன்றே என்று நாம் கூற வரவில்லை. ஆயினும், திறமையிருந்தும் பட்டியலில் பெயர் காணாத மாணவியின் நிலையை நம்மவர்க்கு யாரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

1970களின் தொடக்கத்தில் அவர் செய்னி அரசுக் கல்லூரியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் அமர்ந்தார். 1837இல் தோன்றிய அக்கல்லூரி, அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்கென எழுந்த உயர்கல்வி நிலையங்களுள் மிகப் பழமையானது. பழமை இருந்த அளவுக்குப் பொருள்வளம் இல்லை. ஆட்டக்காரருக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆடவர் அணியின் பயிற்சியாளர் ஜான் சேனி என்பார். ஒரே உடற்பயிற்சிக் கூடத்தை இருவரும் பகிர்ந்துகொண்டு, ஒருவர் முறையை மற்றவர் கற்றனர். ஸ்டிரிங்கர் தலைமையில் செய்னி மகளிர் 251 ஆட்டங்களில் வென்று 51இல் மட்டுமே தோற்றனர்.

1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் முதன்முறையாக மகளிருக்குப் பட்டப் போட்டி நடத்திற்று. பெரும் பல்கலைக்கழகங்களுக்கிடையே செய்னியும் புகுந்து, அரையிறுதியில் மேரிலாந்தை 76-66 என வென்றது. மார்ச் 28ஆம் நாள் நார்ஃபோக் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் லூசியானா டெக் 76-62 எனச் செய்னியை வென்று பட்டம் கொண்டது. கறுப்பினத்தாருக்கென அமைந்த வேறெந்தக் கல்லூரியும் முதற்பிரிவின் இறுதியாட்டத்தை இன்றளவும் எட்டியதில்லை. அந்த ஆட்டக்காலம் முழுவதும் அம்மையார் மருத்துவமனைக்கும் ஆடுகளத்துக்குமாக அலைந்தார். அவருடைய மகள் 14 மாதக் குழந்தையாயிருக்கையில் மூளையுறைக் காய்ச்சல் கண்டு, பேசவும் நடக்கவும் இயலாதவளானாள்.

மறு ஆண்டு அவர் ஐயோவா பல்கலைக்கழகம் சென்றார். வெள்ளையர் மிகுந்த அம்மாநிலத்தில் 1985 பிப்ரவரியில் அவருடைய அணியின் ஓர் ஆட்டத்தைக் காண 22,157 பேர் திரண்டனர். மகளிர் கல்லூரி ஆட்டமொன்றுக்கு அதுவரை அத்தனை பேர் கூடியதில்லை. 1992 நவம்பரில் கணவர் மாரடைப்பால் மறைந்தார். அடுத்த சில மாதங்களிலேயே ஐயோவா அணி தேசிய இறுதி நால்வருள் இடம் பெற்றது. 1995இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சென்று, அதையும் 2000இலும் 2007இலும் அந்நிலைக்கு உயர்த்தினார். மூன்று வெவ்வேறு கல்லூரிகளை இறுதி நால்வருள் சேர்த்த முதற்பயிற்சியாளர் அவரே. 2007இல் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவருடைய மாணவியரை நிறத்தைச் சுட்டி இழித்துப் பேசியபோது, பத்து மாணவியரையும் தம்முடன் அமர்த்திச் செய்தியாளர் முன் விடையளித்தார். 2018இல் ஆயிரமாவது வெற்றி. 2022இல் ஓய்வு பெறுகையில் வெற்றிகள் 1,055. தேசியப் பட்டம் மட்டும் ஒருமுறையும் கிட்டவில்லை. அதை ஒரு குறையாக எண்ண நம் மனம் ஒப்பவில்லை. உதவித்தொகையற்ற செய்னியின் தோல்வி பிறர் பட்டங்கள் பலவற்றினும் பெரிதென்றே நமக்குத் தோன்றுகிறது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 2004 வரை பணியாற்றிய மேரியன் வாஷிங்டன் அம்மையாரும் இத்தலைமுறையினரே. அவர் பெற்ற வெற்றிகள் 560.

பட்டம் வென்ற முதற் கறுப்பினப் பெண் பயிற்சியாளர் கேரலின் பெக். 1999இல் அவருடைய பர்டூ அணி டியூக் அணியை 62-45 என வென்றது. இரண்டாமவருக்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவர் டான் ஸ்டேலி. வட பிலடெல்பியாவின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்று, 2004இல் ஏதென்சில் நாட்டுக் கொடி ஏந்தினார். 2008இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்ற முதலாண்டில் 10 வெற்றி, 18 தோல்வி. அதன்பின் 2017, 2022, 2024 என மூன்று பட்டங்கள். 2024இல் 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோல்வியில்லை. 2021இல் அப்பல்கலைக்கழகம் அவருடன் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 2 கோடியே 24 இலட்சம் டாலர். சம்மிட் அம்மையாரின் 250 டாலரை வாசகர் இங்கே நினைவிற் கொள்க.

வென்ற அணி கூடையின் வலையை வெட்டி எடுத்துக்கொள்வது அங்குள்ள வழக்கம். பெக் தம் 1999ஆம் ஆண்டு வலையில் ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து, நீயும் பட்டம் வென்றபின் இதைத் திருப்பித் தா என்று கூறியிருந்தார். ஸ்டேலி பட்டம் வென்றார். 2021இல் தம்முடைய 2017ஆம் ஆண்டு வலையைத் துண்டுகளாக்கி, முதற்பிரிவில் அப்போது தலைமைப் பயிற்சியாளராயிருந்த கறுப்பினப் பெண்கள் அனைவருக்கும், ஏறத்தாழ எழுபது பேருக்கு, அஞ்சலில் அனுப்பி வைத்தார்.