ஒரு ஃப்ளாட், இரண்டு பெயர்

சென்ற மாதம் என் பேத்தி கீபோர்டு வகுப்பின் தியரி பாடத்தோடு என்னிடம் வந்தாள். ஒரு சிறு இசைத்துண்டு. ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஃப்ளாட். எந்தக் கீ என்று கேள்வி. புத்தகத்தில் இருந்த பட்டியலைப் பார்த்து "எஃப் மேஜர்" என்றேன். சரியான விடை டி மைனர். தவறு என்னுடையது, மதிப்பெண் போனது அவளுக்கு.

மனசு கேட்காமல் நானும் படிக்க உட்கார்ந்தேன். கீ சிக்னேச்சர் என்பது ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி. ஒரே கணக்கில் ஒரு மேஜர், ஒரு மைனர் என இரண்டு பெயர். மேஜரின் ஆதார சுரத்திலிருந்து மூன்று அரைச் சுரம் கீழே இறங்கினால் அதன் மைனர். யார் கையெழுத்து என்று அறிய உள்ளே பார்க்க வேண்டும். துண்டு டி-யில் முடிகிறதா, நடுவில் சி ஷார்ப் தலைகாட்டுகிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் டி மைனர்தான்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததல்ல. பழைய ஐரோப்பிய தேவாலய இசையில் எட்டு 'மோடு'கள் இருந்தன. சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாரியன் 1547-ல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பன்னிரண்டாக்கினார். இன்றைய இயல்பான மைனருக்குரிய ஏயோலியன் அப்போது சேர்ந்ததுதான். அதற்கு முன்பே இருந்த டோரியன் டி-யில் தொடங்கும். அதற்கு ஃப்ளாட்டே வேண்டாம். அதை ஜி-க்கு மாற்றினால் ஒரு ஃப்ளாட் போதும்.

இசை மைனராக மாறிய பிறகும் எழுத்தில் பழைய வழக்கம் தொடர்ந்தது. 1720-ல் பாக் தம் கையால் எழுதிய தனி வயலின் படைப்புகளில் முதல் சொனாட்டா ஜி மைனர். இன்றைய கணக்குப்படி இரண்டு ஃப்ளாட் வேண்டும். அவர் போட்டது ஒன்றுதான்! விடுபட்ட ஈ ஃப்ளாட்டை தேவைப்பட்ட இடங்களில் தனியாக எழுதினார். அவருடைய ஆர்கன் டொக்காட்டா ஒன்று, டி மைனரில் இருந்தும் ஃப்ளாட் இல்லாமல் எழுதப்பட்டதால் 'டோரியன்' என்றே பெயர் பெற்றுவிட்டது. இரண்டு ஃப்ளாட் வழக்கம் பிற்பாடுதான் நிலைத்தது.

நம் கச்சேரி ரசிகர்களுக்கு இது எளிதில் புரியும். டோரியனின் சுரங்கள் கரகரப்ரியா; இயல்பான மைனர் நடபைரவி. நிஷாதத்தை அரைச் சுரம் உயர்த்தினால் கீரவாணி. டி மைனரில் அந்த உயர்ந்த நிஷாதம்தான் சி ஷார்ப். அது சிக்னேச்சரில் வராது, உள்ளேதான் எழுதப்படும்.

இதையெல்லாம் சொன்னதும் பேத்தி கேட்டாள்: "அப்போ பாக்குக்கு மார்க் போகாதா தாத்தா?"

"அவர் காலத்து வழக்கப்படி எழுதினார், கண்ணு. நான்தான் கடைசி வரியைப் பார்க்காமல் பதில் சொன்னேன்" என்றேன். வங்கியில் கடைசி வரி பார்க்காமல் ஒரு நாளும் லெட்ஜரை மூடியதில்லை. இதிலும் இனி அப்படித்தான்.