நூற்ற நூலைப் பிரிப்பவள் போல் ஆகிவிடாதீர்: பின்னலாடை வரலாறு தரும் படிப்பினை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நம் வானம் பார்த்த பூமியில் குளிர் என்பது மார்கழி, தை மாதங்களில் மட்டும் வந்துபோகும் விருந்தாளி. அந்நாட்களில் பஜ்ருத் தொழுகைக்கு வரும் முதியவர்கள் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் அணிகின்றனர். சிலர் வடம்போல் முறுக்கிப் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் அணிகின்றனர். வெயில் ஏறியதும் அவற்றைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுகிறோம். அந்த எளிய ஆடைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருப்பதையும், அவ்வரலாற்றில் முஸ்லிம்களின் கைகள் இருப்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயமான சூரத்துன் நஹ்லில், ஆடை தொடர்பான மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. 80ஆவது வசனம் கால்நடைகளின் கம்பளியையும் ரோமங்களையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறது. 81ஆவது வசனம் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளை நினைவூட்டுகிறது. 92ஆவது வசனமோ, உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட ஒரு பெண்ணை உவமையாகக் காட்டி, வாக்குறுதிகளை முறிப்பவர்களை எச்சரிக்கிறது. இந்த உவமையின் ஆழம், பின்னல் வேலையின் தன்மையை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும்.

நம் ஊர் நெசவுக்குப் பெயர் பெற்றது. தறியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து துணியாகின்றன. பின்னலில் அவ்வாறு இல்லை. ஒரே நூல் கண்ணியாக வளைகிறது. அந்தக் கண்ணிக்குள்ளிருந்து மற்றொரு கண்ணி பிறக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பிடித்து நிற்பதால்தான் பின்னலாடை உடலோடு இழைந்து நெகிழ்கிறது. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தாலோ, பல நாள் உழைப்பு சில நொடிகளில் வெறும் நூலாகிவிடும்.

இக்கலையின் தொன்மையான சான்றுகள் எகிப்தில் கிடைத்துள்ளன. அங்கே கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துக் கம்பளிக் காலுறைகள் கண்டெடுக்கப்பட்டன. செருப்பு வாருக்கு இடம் விட்டுப் பெருவிரல் பிரிந்திருக்கும் அவை, ஒற்றை ஊசியால் செய்யப்பட்ட வேறொரு முறையைச் சேர்ந்தவை. இன்று நாம் பின்னல் என்று சொல்லும் முறையில் அமைந்த பழம்பொருட்களில் புகழ்பெற்றவை, 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான முஸ்லிம் ஆட்சிக் காலத்து எகிப்தின் பருத்திக் காலுறைகள். வெள்ளை நூலும் அவுரி நீலமும் கலந்து, அரபு எழுத்துகளை ஒத்த அணி வேலைப்பாடுகளுடன் அவை விளங்குகின்றன. அதே எகிப்தின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் குஜராத்தின் அச்சிட்ட பருத்தித் துணிகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அக்காலக் கடல் வணிகம் நம் நாட்டையும் அந்நாட்டையும் எவ்வளவு நெருக்கமாக இணைத்திருந்தது என்பதை இதனால் அறியலாம்.

காலுறை என்றதும் மதரஸா மாணவர்களுக்கு ஒளுவின் சட்டம் நினைவுக்கு வரும். நபி (ஸல்) அவர்கள் காலுறைகள் மீது மஸஹ் செய்ததாக முஃகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பு, திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. தோலுறைக்குரிய சட்டம் துணிக் காலுறைக்கும் பொருந்துமா, அது எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று இமாம்கள் விரிவாக ஆராய்ந்தனர். ஆயினும், அந்த அறிவிப்பில் வரும் ‘ஜவ்ரப்’ என்னும் சொல்லைக் கண்டதும் அது இன்றைய பின்னல் காலுறையே என்று வாதிட இயலாது. மேலே கூறிய எகிப்தியக் காலுறைகள் பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டவை. முன்னோரைப் பற்றிய பெருமிதமும் சான்றோடு இருந்தால்தான் நிலைக்கும்.

அத்தகைய உறுதியான சான்று ஒன்று ஸ்பெயினில் உள்ளது. 1275ஆம் ஆண்டு இறந்த காஸ்டில் நாட்டு இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறை, புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தில் இருக்கிறது. அதனுள் பட்டு நூலால் மிக நுண்ணியதாகப் பின்னப்பட்ட தலையணை உறை கிடைத்தது. அதில் கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்ற சொல் பின்னப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ இளவரசரின் கல்லறையில் முஸ்லிம் கைவினைஞர் ஒருவரின் வேலைப்பாடு! அவருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் பின்னிய அருள்வாழ்த்து மட்டும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது.

பின்னர் இக்கலை ஐரோப்பாவெங்கும் பரவியது. 1589ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கைப்பின்னலோ அழியவில்லை. அயர்லாந்தின் ஆரன் தீவுகளில், சில கண்ணிகளைச் சிறு ஊசியில் தனியே நிறுத்தி, மற்றவற்றைப் பின்னியபின் அவற்றைக் குறுக்கே எடுத்து வடம்போல் முறுக்கும் வேலைப்பாடு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தழைத்தது. வறிய தீவுப் பெண்களுக்கு அது வருவாயாகவும் அமைந்தது. இன்று மார்கழியில் நாம் காணும் முறுக்குப் பின்னல் ஸ்வெட்டர்கள் அந்த மரபின் சாயலைக் கொண்டவையே.

நம் தமிழகத்திலும் பின்னலாடைத் தொழில் ஒரு முஸ்லிமின் பெயரோடு தொடங்குகிறது. 1925ஆம் ஆண்டு எம். ஜி. குலாம் காதர் என்பவர் திருப்பூரில் ‘பேபி நிட்டிங்’ என்னும் பின்னல் ஆலையை நிறுவினார். கம்பளி ஸ்வெட்டருக்கு லூதியானா பெயர் பெற்றதுபோல், பருத்திப் பின்னலுக்குத் திருப்பூர் உலகப் பெயர் பெற்றது.

அந்தப் பெயருக்குப் பின்னே நூற்பாலைகள் உள்ளன. நூற்பாலைகளுக்குள் வறண்ட மாவட்டங்களின் பெண்பிள்ளைகள் உள்ளனர். மழை பொய்த்த ஆண்டுகளில், மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் திருமணத்திற்கு ஒரு பெருந்தொகை தரப்படும் என்னும் உறுதிமொழியை நம்பிப் பெற்றோர் அவர்களை அனுப்பினர். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அழைக்கப்பட்ட இம்முறையைப் பற்றி 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வறிக்கைகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. நோயுற்று இடையில் திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகை மறுக்கப்பட்டது. இரண்டாண்டு, இரண்டரையாண்டு உழைப்பு, கடைசிக் கண்ணி அவிழ்ந்த பின்னலைப்போல் ஒன்றுமில்லாமல் போனது.

சூரத்துன் நஹ்லின் உவமையில் நூற்றவளே பிரித்தாள். இங்கோ நூற்றவள் ஒருத்தி, பிரித்தவர் வேறொருவர். இது இன்னும் கொடியது அல்லவா? கூலியாளிடம் முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாய் ஸஹீஹ் புகாரியில் வருகிறது. அந்த எச்சரிக்கை எந்தச் சமுதாயத்து முதலாளிக்கும் விலக்கு அளிக்கவில்லை. நம்மில் பனியன் கம்பெனி நடத்துவோருக்கும், தறி வைத்திருப்போருக்கும் அது பொருந்தும்.

ஆகவே பிள்ளையை ஆலைக்கு அனுப்பும் பெற்றோரே, மொத்தத் தொகை என்னும் வாக்கை மட்டும் நம்பாதீர்கள். மாதச் சம்பளமாகக் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதி எண்ணையும் இ.எஸ்.ஐ. அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். உடன்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). ஜமாஅத் நிர்வாகிகளும் ஊரிலிருந்து வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் நலனை, மதம் பாராமல், விசாரித்து வருவது கடமையாகும்.

பெயர் தெரியாத அந்த ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் பட்டில் பின்னிய பரக்கத், நம் காலத்துப் பின்னலிலும் இருக்க வேண்டுமானால், நூற்றவளின் கூலி குறைவின்றி அவள் கையில் சேர வேண்டும். வாக்கை நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.