வெப்பம் காட்டும் பழுது: மின் அமைப்பு ஆய்வில் வெப்பப் படமாக்கம் உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மின்னிணைப்பு தளர்ந்தாலோ அதன் பரப்பில் ஆக்சைடு படிந்தாலோ அவ்விடத்தில் வெப்பம் மிகும். மின்னோட்டத்தை நிறுத்தாமலும் தொடாமலும் அவ்வெப்பத்தைத் தொலைவிலிருந்தே படமாகக் காண்பது இன்று மின் பராமரிப்பில் நிலைபெற்ற முறையாகும். போர்த் தொழில்நுட்பத்தின் துணைவிளைவாக இம்முறை தோன்றியது என்பதே பொதுவாகக் கூறப்படும் வரலாறு. வெப்பக்கதிர் ஆய்வும் மின்னியலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே ஒன்றையொன்று வளர்த்து வந்தன என்பதையும், நெடுந்தொலைவு மின்வழிகளின் தேவையே அவ்விரண்டையும் ஒரு கருவியில் இணைத்தது என்பதையும், அக்கருவி தரும் படம் ஒப்பீட்டின்றிப் பொருள் தராது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அகச்சிவப்புக் கதிர், வெப்பப் படமாக்கம், இணைப்பு மின்தடை, உமிழ்திறன், போலோமீட்டர், மின் பராமரிப்பு வரலாறு.

முன்னுரை

மின் அமைப்பில் நேரும் பழுதுகளுள் பல கண்ணுக்குப் புலனாவதில்லை. அறுந்த கம்பியும் உடைந்த பீங்கானும் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். தளர்ந்த திருகாணியோ, ஆக்சைடு படிந்த தொடுபரப்போ அவ்வாறன்று. மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும், விளக்குகள் எரியும், இயந்திரங்கள் ஓடும். ஆயினும் அவ்விடத்தில் மின்தடை மிகுந்து, வெப்பம் தோன்றி, அவ்வெப்பமே மேலும் ஆக்சைடு படியச் செய்து, மின்தடையை மீண்டும் பெருக்கும். இச்சுழற்சி நாள்கள் அல்லது மாதங்கள் நீடித்து, ஒரு கட்டத்தில் உலோகம் உருகுவதிலோ தீ பற்றுவதிலோ முடியும்.

இப்பழுதுகளை அறியப் பராமரிப்புப் பணியாளர் பல எளிய வழிகளைக் கையாண்டனர். மின்காப்புக் கோலின் நுனியில் மெழுகை வைத்து இணைப்பைத் தொட்டு, அது உருகுகிறதா எனப் பார்ப்பது ஒரு வழி. வெப்பநிலைக்கேற்ப நிறம் மாறும் பூச்சுகளை இணைப்பில் இடுவது மற்றொரு வழி. மின்சாரத்தை நிறுத்தித் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்குவது மூன்றாவது வழி. இவையனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: எந்த இணைப்பை ஐயுறுகிறோமோ அதை மட்டுமே சோதிக்க இயலும். ஐயுறாத இடத்தில் உள்ள பழுதைத் தானே காட்டித் தரும் கருவி எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

சிவப்பிற்கு அப்பால்: 1800

வில்லியம் ஹெர்ஷல் 1781-இல் யுரேனசைக் கண்டறிந்த வானியலார். சூரியனைத் தொலைநோக்கியால் நோக்கும்போது பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்திய அவர், ஒவ்வொரு கண்ணாடியும் வேறுவேறு அளவில் வெப்பத்தைக் கடத்துவதை உணர்ந்தார். 1800-இல், முப்பட்டகத்தால் பிரிந்த ஒளியின் ஒவ்வொரு நிறத்திலும் கறுப்பு பூசிய வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் கூடியது. சிவப்பைக் கடந்து, ஒளியே இல்லாத இடத்தில் அது மேலும் மிகுந்தது. காணவியலாத கதிர் ஒன்று உண்டென்பது இவ்வாறு நிறுவப்பெற்றது.

இக்கதிரைத் தமிழில் ‘அகச்சிவப்பு’ என்கிறோம்; மறுமுனையில் உள்ளது ‘புற ஊதா’. அகம், புறம் என்னும் இணை தமிழ் மரபுக்கு இயல்பானதே. எனினும் ஹெர்ஷலின் வெப்பமானி சிவப்பிற்கு உள்ளே இருக்கவில்லை. அதற்கு அப்பாலே இருந்தது. ஐரோப்பியச் சொல்லின் முன்னொட்டு ‘கீழ்’ என்னும் பொருளது. சிவப்பைவிட அதிர்வெண் குறைந்தது என்பதே இன்று அதன் கருத்து. கலைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. வரலாற்றைக் கற்பிக்குங்கால் இவ்வேறுபாட்டைச் சுட்டினால் போதும்.

1840: ஒரே ஆண்டில் இரு கண்டுபிடிப்புகள்

வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல் 1840-இல் அக்கதிரைப் படமாக்கினார். புகைக்கரியால் கறுப்பாக்கிய தாளைச் சாராயத்தில் நனைத்து, அதன்மீது சூரிய நிறமாலையை விழச் செய்தார். வெப்பம் மிக்க இடங்கள் விரைந்து உலர்ந்தன. மற்றவை ஈரமாகவே இருந்தன. அவ்வேறுபாடு தாளில் உருவமாகத் தெரிந்தது. வெப்பத்தைக் கண்ணால் காணத்தக்க படமாக மாற்றிய முதல் முயற்சிகளுள் இது தலையாயது.

அதே ஆண்டின் இறுதியில், இலண்டன் அரச கழகத்திற்கே ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் தம் ஆய்வின் சுருக்கத்தை அனுப்பினார். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்பது அவர் கண்ட விதி. முழுக்கட்டுரை 1841-இல் வெளியாயிற்று.

இவ்விதியின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 200 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் நல்ல இணைப்பு ஒன்றின் மின்தடை 20 மைக்ரோஓம் எனக் கொண்டால், அங்குத் தோன்றும் வெப்பம் 0.8 வாட் மட்டுமே. அவ்விணைப்பு சீர்குலைந்து மின்தடை 1 மில்லிஓம் ஆனால் வெப்பம் 40 வாட்டாக உயரும். கைக்குள் அடங்கும் உலோகத் துண்டு ஒன்றில் இது பெரிய அளவாகும். ஆனால் மின்னோட்டம் பாதியாகக் குறைந்து 100 ஆம்பியர் ஆனால், அதே பழுதான இணைப்பில் 10 வாட்டே தோன்றும். பழுது மாறவில்லை, அது வெளிப்படும் அளவு நான்கில் ஒரு பங்காயிற்று. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மின்பழுதை வெப்பப் படத்தால் அறிவதற்குரிய இரு அடிப்படைகளும் 1840-இலேயே ஒரே கழகத்தின் முன் வந்துவிட்டன. ஆயினும் அவற்றை இணைத்துக் காணும் தேவை அன்று எழவில்லை. சோதிக்கத்தக்க மின் கட்டமைப்பே அக்காலத்தில் இல்லை.

வெப்பத்தை அளந்த மின்சாரம்

தேவை எழும் முன்பே கருவிகள் நெருங்கின. இரு உலோகங்கள் சேரும் முனைகளுக்கிடையே வெப்பநிலை வேறுபட்டால் மின்விளைவு தோன்றும் என்பதை 1821-இல் தாமஸ் சீபெக் கண்டார். இதனைக்கொண்டு லியோபோல்டோ நோபிலி வெப்பமின் அடுக்கை உருவாக்க, மாசிடோனியோ மெல்லோனி 1830-களில் அதனைச் செம்மைப்படுத்தினார். பல மீட்டர் தொலைவில் நிற்கும் மனிதரின் உடல்வெப்பத்தை அது உணர்ந்தது. கண்ணாடி பெரிதும் தடுத்துவிடும் வெப்பக்கதிரைப் பாறை உப்பு எளிதில் கடத்தும் என்பதும் மெல்லோனி கண்டதே. இன்றைய வெப்பப்படக் கருவிகளில் கண்ணாடிக்கு மாற்றாக ஜெர்மானியம் வில்லைகள் அமைவதற்கும், கண்ணாடி மூடிக்குப் பின்னுள்ள இணைப்பை அக்கருவியால் காண இயலாமைக்கும் காரணம் இதுவே.

அமெரிக்காவின் அலிகெனி வான்நோக்கு நிலையத்தில் சாமுவேல் லாங்லி 1880-ஐ ஒட்டி உருவாக்கிய போலோமீட்டர் அடுத்த படி. மெல்லிய பிளாட்டினப் பட்டையின்மேல் கதிர் விழுந்தால் அது வெப்பமடையும். வெப்பமடைந்தால் அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தை மின்சுற்று காட்டும். மின்தடையால் வெப்பம் தோன்றுகிறது என்பது ஜூலின் கூற்று. வெப்பத்தால் மின்தடை மாறுகிறது என்பதைக் கருவியாக்கியவர் லாங்லி. பழுது முன்னதில் அமைகிறது; அதைக் காட்டும் உணரி பின்னதில் அமைகிறது.

விளக்குத் தொழிலும் கரும்பொருள் விதியும்

வெப்பக்கதிரின் அளவிலிருந்து பொருளின் வெப்பநிலையைக் கணிக்க விதி ஒன்று வேண்டும். வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கேற்பக் கதிர்வீச்சு மிகும் என ஸ்டெஃபான் 1879-இல் கூறினார். போல்ட்ஸ்மன் 1884-இல் அதனைக் கோட்பாட்டு வழியில் நிறுவினார். இதனைச் சோதனையால் துல்லியமாக்கிய இடம் பெர்லின். அங்கு 1887-இல் தொடங்கப்பெற்ற இயற்பியல்-தொழில்நுட்ப அரசு நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று, வளர்ந்துவந்த மின்விளக்குத் தொழிலுக்கு நம்பத்தகுந்த ஒளி அளவையை வகுப்பதாகும். அதன் பொருட்டே லும்மர், குர்ல்பாம் முதலியோர் மின்சாரத்தால் சூடேற்றிய குழிவுடைய கரும்பொருள்களை அமைத்து, போலோமீட்டரால் அவற்றின் கதிர்வீச்சை அளந்தனர். அவ்வளவீடுகளுக்குப் பொருந்தும் விதியை 1900-இல் மாக்ஸ் பிளாங்க் வெளியிட்டார்.

குவாண்டம் கோட்பாட்டின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. மின்தொழில் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. மின்விளக்கின் தேவைக்காகச் செய்த அளவீட்டிலிருந்து பிறந்த விதியே, பின்னர் மின் அமைப்பின் பழுதைக் கண்டறியும் ஒவ்வொரு கருவியினுள்ளும் கணக்கீடாக அமைந்தது.

சுவீடன், 1965

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அகச்சிவப்பு உணரிகளைப் போர்த் தேவைகள் வளர்த்தன என்பதில் ஐயமில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மனியில் ஈய சல்பைடு உணரிகளும், 1950-களில் இண்டியம் ஆண்டிமொனைடு உணரிகளும் படைத்துறை ஆதரவில் முன்னேறின. ஆயினும் பகைவரின் விமானத்தைத் தேடும் கருவி தானாகவே மின்கம்பிகளை நாடி வந்துவிடாது. அதனை அங்கு இட்டுச்சென்ற தேவை எது என்பதே வினா.

சுவீடனின் புவியமைப்பு இதற்கு விடை தருகிறது. அந்நாட்டின் பெரும் நீர்மின் ஆறுகள் வடக்கே உள்ளன. மக்களும் தொழிலகங்களும் தெற்கே மிகுதி. இவ்விரண்டையும் இணைக்க 1952-இல் ஹார்ஸ்பிராங்கெட்டிலிருந்து ஹால்ஸ்பெர்க் வரை ஏறத்தாழ 1000 கி.மீ. நீளத்திற்கு, உலகின் முதல் 380 கிலோவோல்ட் மின்வழி செயற்பாட்டிற்கு வந்தது. இத்தகைய வழியில் இணைப்புகள் பல. அவை உயரத்திலும் மக்கள் நடமாட்டமற்ற நிலத்திலும் உள்ளன. ஒவ்வொன்றையும் சோதிக்க மின்சாரத்தை நிறுத்துவதும் இயலாது. மெழுகுக் கோல் இங்குப் பயன்படாது.

1965-இல் சுவீடனின் ஆகா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வெப்பப்படக் கருவி உயரழுத்த மின்வழிகளை ஆய்வதற்கென்றே அமைந்தது. வணிக அளவில் வெளிவந்த முதல் வெப்பப்படக் கருவியாக அது குறிக்கப்படுகிறது. திரவ நைட்ரஜனால் −196 °செ. அளவில் குளிர்விக்கப்பட்ட உணரியையும் காட்சியை வரிவரியாக அலகிடும் இயந்திர அமைப்பையும் கொண்டிருந்தமையால் அது பளுவானது. வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. மின்கலத்தால் இயங்கிக் கையால் எடுத்துச் செல்லத்தக்க வடிவம் 1973-இல் வந்தது.

ஆகா நிறுவனத்தின் முன்வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. அதனை வளர்த்தெடுத்த குஸ்டாஃப் டாலென் 1912-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். கலங்கரை விளக்கைப் பகலில் தானே அணைத்து இரவில் தானே ஏற்றும் அவருடைய ‘சூரிய அடைப்பான்’, கறுத்த தண்டு ஒன்றும் மெருகேற்றிய தண்டுகள் சிலவும் வெயிலில் வேறுவேறு அளவில் விரிவதைக்கொண்டு இயங்கியது. கறுத்த பரப்பும் பளபளக்கும் பரப்பும் கதிரிடம் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை என்பதே அதன் அடிப்படை. வெப்பப் படத்தைப் படிப்போர் மறக்கக்கூடாத பாடமும் இதுவே.

குளிரூட்டலிலிருந்து விடுதலை

திரவ நைட்ரஜன் தேவைப்பட்ட வரையில் இம்முறை பெரு நிறுவனங்களின் எல்லைக்குள்ளேயே நின்றது. 1980-களில் ஹனிவெல் நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில், வனேடியம் ஆக்சைடைப் பயன்படுத்தும் நுண்போலோமீட்டர் அணிகளை மறைவாக உருவாக்கியது. 1992-இல் அம்மறைவு நீங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் குளிரூட்டல் வேண்டாத கருவிகள் தொழிலகங்களை அடைந்தன. இக்கட்டத்தில் படைத்துறையின் பங்கு தெளிவானது. எனினும் அதன் அடிப்படை லாங்லியுடையதே; ஒரு பட்டைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான நுண்பட்டைகள் ஒரு சில்லில் அமைந்தன.

படமும் அதன் பொருளும்

கருவி எளிதானதும் அது காட்டுவதே உண்மை என்னும் நம்பிக்கை வளர்ந்தது. இங்கேதான் வரலாற்றுப் பார்வை தேவையாகிறது. கருவி வெப்பநிலையை அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் கதிரை அளந்து, வெப்பநிலையைக் கணிக்கிறது. மெருகேறிய செம்பின் உமிழ்திறன் 0.05 அளவினதே. எனவே சூடான செம்புப் பட்டை, படத்தில் தன் வெப்பத்தைக் காட்டாமல் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பையே பெரிதும் காட்டும். அதன்மேல் ஒட்டிய மின்காப்பு நாடா, உமிழ்திறன் 0.95 அளவில் இருப்பதால், உண்மையைக் காட்டும். ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டும் படத்தில் இருவேறாகத் தோன்றும்.

மின்பளுவும் அவ்வாறே. முன்னர்க் கண்ட கணக்கின்படி, பளு குறைந்த வேளையில் எடுத்த படத்தில் பழுது மறைந்துவிடும். காற்று வீசினால் இணைப்பு குளிரும். வெயிலில் நல்ல இணைப்பும் சூடாகும். குளிர்ச்சியே பழுதாக அமைவதும் உண்டு: மும்முனை அமைப்பில் எரிந்துபோன உருகியில் மின்னோட்டம் இராது, எனவே அது மற்ற இரண்டைவிடக் குளிர்ந்து தோன்றும்.

இச்சிக்கல்களுக்குத் துறை கண்ட தீர்வு ஒப்பீடாகும். ஒரே பளுவில் இயங்கும் ஒத்த உறுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. கம்பி முழுவதும் ஒருசீராகச் சூடானால் மிகைப்பளு என்றும், இணைப்பில் உச்சமாகி விலகிச் செல்லச் செல்லக் குறைந்தால் இணைப்புப் பழுது என்றும் கொள்வர். அமெரிக்காவின் நீட்டா பராமரிப்புச் சோதனை விதிகள் இதனை எண்களாக வகுத்துள்ளன: ஒத்த உறுப்புகளிடையே 1 முதல் 3 °செ. வேறுபாடு ஐயத்திற்குரியது, 4 முதல் 15 °செ. வரை பழுதாக இருக்கக்கூடியது, 15 °செ. கடந்தால் உடனே சரிசெய்ய வேண்டியது. இவற்றுள் எதுவும் தனியொரு வெப்பநிலை அன்று, அனைத்தும் வேறுபாடுகளே. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 70பி ஆவணம் 2023-இல் பரிந்துரை என்னும் நிலையிலிருந்து தர விதியாக உயர்ந்தபோது, வெப்பப் பட ஆய்வு முறையான பராமரிப்புக் கடமையாகவே இடம்பெற்றது.

முடிவுரை

வெப்பப் படமாக்கத்தின் வரலாற்றைப் போர்க்கருவியின் கிளைக்கதையாக மட்டும் கூறுவது பொருந்தாது. நுண்ணிய உணரிகளைப் படைத்துறை வளர்த்தது உண்மை. ஆனால் கதிரை அளக்கும் முறையை மின்னியல் தந்தது. வெப்பநிலையைக் கணிக்கும் விதி உருவாக விளக்குத் தொழிலின் தேவை துணைநின்றது. கருவியை வணிக உலகிற்குக் கொண்டுவந்தது நிறுத்தவியலாத மின்வழியின் நீளம். கண்டுபிடிப்பு நிகழ்ந்தபின் அதனைப் பயன்படுத்தும் சூழல் வாய்க்க 125 ஆண்டுகள் ஆயின என்பது, தொழில்நுட்ப வரலாற்றில் தேவையின் இடத்தை உணர்த்துகிறது.

படம் பழுதைக் கூறுவதில்லை. வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது. ஒளியற்ற இடத்தில் வைத்த வெப்பமானியை ஹெர்ஷல் மற்ற நிறங்களின் அளவுகளோடு ஒப்பிட்டிராவிடில், அகச்சிவப்பு அவருக்குப் புலனாகியிராது. வண்ணத் திரையில் வெப்பத்தைக் காணும் இன்றைய ஆய்வாளருக்கும் அவ்வொப்பீடே அடிப்படையாகிறது. குறைந்த பளுவில் எடுத்த, எங்கும் சீரான நிறத்தைக் காட்டும் படத்தை நலத்தின் சான்றாகக் கொண்டால், மறைந்த பழுது மேலும் மறைக்கப்படும். பொறியியல் பாடத்திட்டங்களில் கருவியின் இயக்கத்தோடு இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பது இக்காரணத்தால் பயனுடையதாகும்.