இழுவை எண் பிறந்த கதை

2019 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் ஒரு வீடியோ வெளியிட்டது. தண்டவாளத்தில் பத்து இரட்டை அடுக்குச் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரே ஒரு மின்சார எஃப்-150 பிக்கப். விற்பனைக்கு வராத சோதனை வண்டி அது. முதலில் வெறும் பெட்டிகளை இழுத்தது. பிறகு பெட்டிகளுக்குள் 42 பிக்கப்புகளை ஏற்றினார்கள், அதையும் இழுத்தது. மொத்தம் பன்னிரண்டரை லட்சம் பவுண்டு, அதாவது 567 டன். இழுத்த தூரம் சுமார் ஆயிரம் அடி.

அந்த வீடியோவில் பொய் இல்லை. ஆனால் இழுவைத் திறன் என்றால் இதுதான் என்று எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில், எடையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு விசை கிடைத்தாலே ரயில்பெட்டி உருண்டுகொண்டிருக்கும். 567 டன்னுக்கு அது ஒரு டன்னைச் சற்றே தாண்டும். நின்ற இடத்திலிருந்து கிளப்பக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இதற்கு மின்சாரம்தான் வேண்டும் என்றில்லை. 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில், எண்டவர் விண்வெளி ஓடத்தை ஏற்றிய மேடையை நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் ஒரு பெட்ரோல் டொயோட்டா டன்ட்ரா இழுத்துச் சென்றது. எடை ஏறக்குறைய 130 டன்.

நகர்த்துவது வேறு, ஏற்றிச் செல்வது வேறு. தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். வடத்தை இழுக்க ஆயிரம் கைகள் வரும். முட்டுக்கட்டை போடுகிறவருக்குத்தான் வேலை தெரிய வேண்டும். பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவருடைய கவலையும் அதுதான். இன்ஜின் கொதிக்காமல் ஏறுமா? நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புமா? பிரேக் பிடித்தால் நிற்குமா?

அமெரிக்காவில் நீண்ட காலம் இந்தக் கேள்விகளுக்குப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் சோதனைக்களத்தில், தனக்குச் சரியென்று பட்ட முறையில் சோதித்து, ஓர் எண்ணை அறிவித்தது. போட்டிக்காரர் 10,000 பவுண்டு என்றால் இவர் 10,100 என்பார். ஒருவருடைய எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிட வழியே இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, குதிரை டிரெய்லரையோ படகையோ கொக்கியில் மாட்டினார்.

இந்தக் குழப்பத்திலிருந்துதான் ஜே2807 பிறந்தது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. அதை வகுத்தவர்கள் தேர்ந்தெடுத்த ஏற்றம், அரிசோனாவில் கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 11.4 மைல், பாலைவன வெயிலில் ஒரே ஏறுமுகம். அடிவாரத்தில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. ஏசியை முழுக் குளிரில் வைத்து, விசிறியையும் முழு வேகத்தில் விட வேண்டும். அறிவித்த எடையைக் கட்டி இழுத்துக்கொண்டு, சாதாரண பிக்கப் ஒன்று மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் உச்சிக்குப் போக வேண்டும். வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தோல்வி.

எனக்கு இந்த அளவுகோலில் பிடித்த பகுதி இன்னொன்று. 12 சதவீதச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 16 அடி மேலே நகர்த்த வேண்டும். பிறகு அதே போல ரிவர்ஸிலும். எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத காட்சி இது. படகுத் துறையில் ஈரச் சரிவிலிருந்து படகை மேலே இழுப்பவருக்குத் தேவைப்படுவதோ இதுவேதான்.

அளவுகோல் வந்த கையோடு எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றால் எண் குறையும் என்ற பயம். டொயோட்டா மட்டும் 2011 மாடல் டன்ட்ராவில் ஏற்றது. அதன் எண்கள் குறைந்தன, சில வகைகளில் ஆயிரம் பவுண்டு அளவுக்கு. மற்றவர்கள், அவர் ஏற்கட்டும், நாங்கள் பிறகு ஏற்கிறோம் என்று காத்திருந்தார்கள். ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றின் சாதாரண பிக்கப்புகளும் 2015 மாடலில்தான் ஒரே கோட்டில் வந்து நின்றன.

அதன் பிறகு வந்தன மின்சாரப் பிக்கப்புகள், புதிய மிகைப்படுத்தல்களோடு. 2019 நவம்பரில் டெஸ்லா, சைபர்டிரக்கையும் ஒரு எஃப்-150-ஐயும் கயிற்றால் கட்டி இழுபறிப் போட்டி காட்டியது. சைபர்டிரக் மற்றதை மேட்டில் இழுத்துச் சென்றது. எடை கூடிய வண்டியின் டயர் தரையைக் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் காட்சி அளந்தது பெரும்பாலும் அதைத்தான். அன்று அதன் இழுவைத் திறன் 14,000 பவுண்டுக்கு மேல் என்றார்கள். 2023-இல் கைக்கு வந்த வண்டிக்கு 11,000. ஹம்மர் மின்சாரப் பிக்கப்புக்கு 11,500 பவுண்டு-அடி முறுக்கு விசை என்று ஜிஎம் அறிவித்தது. அது கியர் பெருக்கிய பிறகு சக்கரத்தில் கிடைக்கும் அளவு. மற்ற வண்டிகளுக்குச் சொல்வது இன்ஜினில் கிடைக்கும் அளவு. அதே முதல் ஹம்மரின் இழுவை எண் 7,500 பவுண்டுதான்.

மின் மோட்டாரின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையைத் தருவது அது. ஏற்றத்தில் கிளம்ப அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. குறை, ஆற்றல் இருப்பில் இருக்கிறது. ஃபோர்டின் மின்சாரப் பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட் (கிலோவாட் மணி). ஓர் அமெரிக்க கேலன் பெட்ரோலின் ஆற்றல் 33.7 யூனிட். ஆக அந்தப் பெரிய பேட்டரிக்குள் இருப்பது நாலு கேலனுக்கும் குறைவான பெட்ரோலின் ஆற்றல். மோட்டார் அதை மிகக் குறைவாகவே வீணாக்கும் என்பதால் வெறும் வண்டி 300 மைல் ஓடுகிறது. பின்னால் உயரமான டிரெய்லரை மாட்டினால் காற்றுத் தடை அந்த ஆற்றலை விழுங்கிவிடுகிறது. 2022-இல் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 7,218 பவுண்டு டிரெய்லரைக் கட்டி ஓட்டிப் பார்த்தது. கிடைத்தது 90 மைல். போதாக்குறைக்கு, பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியைச் செருக முடியும்.

டேவிஸ் அணை ஏற்றம் 11.4 மைலில் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் வண்டிக்கு அது போதுமான சோதனை. மின்சார வண்டிக்குப் போதாது. எத்தனை பவுண்டு என்பதோடு, அந்த எடையோடு எத்தனை மைல் என்பதையும் கம்பெனிகள் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை, வாங்கப் போகிறவர் ஷோரூமில் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கட்டும்.